தூய்மையும் தீட்டும்: மதுரை மண்ணில் கிறித்தவ அர்ப்பண வாழ்வு

கல்விக் கழகமொன்றின் வெள்ளி விழா மலரில், இறைவனுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தோர் வாழ்வைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறக்கூடும். நம் சமுதாயத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்போர் உளர். மாதா கோயிலுக்கு மெழுகுதிரி ஏற்றுவோர் உளர். வேத ஆலயத்தில் ஞாயிறுதோறும் கூடுவோர் உளர். புத்தரைப் போற்றுவோரும், கடவுளே இல்லை என்போரும் உளர். இவர் அனைவர்க்கும் உரியது இக்கழகம். ஆயினும் ஒரு சொல் நம் எல்லோரையும் தொட்டிருக்கிறது. அச்சொல் 'தூய்மை' என்பதாகும். அதன் மறுபக்கமாகிய 'தீட்டு' என்னும் சொல்லைக் கொண்டே நம் முன்னோரைக் கோயிலுக்கும் குளத்துக்கும் தெருவுக்கும் அப்பால் நிறுத்தி வைத்தனர். கிறித்தவ சமயத்தில் தூய்மை என்பது எப்பொருள் தந்தது, மதுரைக்கு வந்தபின் அப்பொருள் எவ்வாறு திரிந்தது, அத்திரிபைத் திருத்த முயன்றோர் யாவர் என்பவற்றை அறிதல் நம் இளைஞர் யாவர்க்கும் பயனளிக்கும்.

சொல்லின் பொருள்

விவிலியத்தில் தூய்மை, பரிசுத்தம் என வழங்கும் எபிரேயச் சொல்லுக்கு 'இறைவனுக்கென வேறு பிரிக்கப்பட்டது' என்று பொருள் கூறுவர். வேறு பிரித்தல் என்றவுடனே நம் நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு என்பதே நினைவுக்கு வருகிறது. அவ்விடத்தில்தான் பிழை தொடங்குகிறது. பண்டை இசுரவேலரிடத்தும் உணவு, நோய், பிணம் முதலியவை பற்றிய தீட்டு விதிகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவ்விதிகள் நிறைந்த லேவியராகமம் என்னும் அந்நூலிலேயே 19 ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இறைவன் தூயவர், ஆதலால் மக்களும் தூயோராதல் வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், தூயோர் செய்ய வேண்டுவன எவை என்று அடுத்தடுத்துக் கூறுகிறது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை அறுக்காமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் விட்டுவிடல் வேண்டும். கூலியாளின் கூலியை மறுநாள் விடியும்வரை வைத்திருத்தல் ஆகாது. செவிடரைத் திட்டுதலும், குருடர் வழியில் தடை வைத்தலும் ஆகா. தராசும் மரக்காலும் சரியாயிருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! இவ்விதிகளை வைகைப் பாசனத்து நெல்வயலிலும், மேலூர்க் களத்துமேட்டிலும், உசிலம்பட்டிப் புன்செய்க் காட்டிலும் நிறுத்திப் பாருங்கள். யாருடைய பாட்டன் அக்கதிரை அறுத்தான்? யாருடைய பாட்டி அக்கூலிக்காகப் பொழுது சாய்ந்தபின்னும் காத்து நின்றாள்? ஆக, வேத நூல் சொல்லும் தூய்மை, உழைப்பவனோடு ஒருவன் கொண்ட உறவைக் கொண்டே அளக்கப்பட்டது. பின்னாளில் இயேசு பெருமான் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட தொழுநோயாளரைத் தம் கையால் தொட்டார் என நற்செய்தி நூல்கள் கூறும். தொட்டவர்க்குத் தீட்டு ஒட்டவில்லை. தொடப்பட்டவர் நலம் பெற்றார்.

துறவிக் கோலமும் சாதிக் கோலமும்

இச்சமயம் மதுரை நகருள் புகுந்த வரலாறு 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. இயேசு சபையைச் சார்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் பாதிரியார் 1590களில் இங்கு வந்து, முத்துக்குளித்துறைப் பரதவர்க்கும் போர்த்துகீசியர்க்கும் திருப்பணி புரிந்து வந்தார். நகர மக்கள் அவரிடம் அணுகவில்லை. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, எல்லாரோடும் கலந்து பழகும் 'பரங்கி'யின் சமயம் அது என ஒதுக்கினர்.

1606 ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டுப் பிரபு குலத்தவராகிய இராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழுலகம் இவரை அறியும். இவர் காவி உடுத்தார். ஒரு வேளை மரக்கறி உணவு கொண்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கசடறக் கற்றார். தமிழில் உரைநடை நூல்கள் பல எழுதினார். முதுமையில் கண்ணொளி குன்றிய நிலையில் 1656 ஆம் ஆண்டு மயிலாப்பூரில் மறைந்தார். பிறந்த நாட்டையும் செல்வத்தையும் துறந்து, பிறமொழியொன்றில் தம்மைக் கரைத்துக்கொண்ட அவ்வர்ப்பணத்தை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் வரலாற்று மாணவன் ஒன்றை நோக்க வேண்டும். தத்துவ போதகர் மேற்குலத்தோரை ஈர்க்கும்பொருட்டு, தாம் பரங்கி அல்லர், உயர்குலத் துறவி எனக் கூறி, பெர்னாண்டஸ் பாதிரியாரின் கோயிலிலிருந்து விலகித் தனியே கோயிலும் இல்லமும் அமைத்துக்கொண்டார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என 1623 ஆம் ஆண்டில் திருத்தந்தை 15 ஆம் கிரகோரியார் இசைவு தந்தார். அவை நாட்டு வழக்கமேயன்றிச் சமய வழக்கம் அல்ல என்பது அன்று கூறப்பட்ட காரணம். அக்காரணத்தோடு சேர்ந்து தீட்டும் நாட்டு வழக்கமாகக் கோயிலுக்குள் நுழைந்துவிட்டது. உயர்குலத்தார் கண்ணில் தூயராக விளங்க வேண்டிய குரு, சேரிக்குள் பகலில் கால் வைக்க இயலாதவரானார். ஒடுக்கப்பட்ட மக்கள் இரவு வேளையில் மறைவாக அவரைக் காண வேண்டியதாயிற்று.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க 1640 ஆம் ஆண்டில் பல்தசார் ட கோஸ்டா என்பவர் பண்டாரசாமி என்னும் கோலம் பூண்டார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியாரோடும் ஓரளவு பழக இயன்றவர்கள். அவர் வழியில் வந்த பெருமகனார்தாம் மறவநாட்டு மாணிக்கம் எனப் போற்றப்படும் அருளானந்தர்.

அருளானந்தர்

ஜான் டி பிரிட்டோ என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1647 ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் பிறந்தவர். போர்த்துகீசிய அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். அரண்மனையை விட்டு இயேசு சபையில் சேர்ந்து, 1673 இல் கப்பலேறி இந்தியா வந்து, மதுரை மிஷனில் பண்டாரசாமியாகப் பணி தொடங்கினார். 1686 ஆம் ஆண்டில் சேதுபதி நாட்டில் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு ஆளாகி விடுதலை பெற்றார். மிஷனின் சார்பாளராக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டபோது அங்கேயே தங்கிவிடுமாறு அரசரே வேண்டினார். அவர் இசையாது 1690 இல் மீண்டும் இம்மண்ணுக்குத் திரும்பினார். தடியத்தேவன் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கியது சேதுபதியின் சினத்தைத் தூண்ட, 1693 பிப்ரவரி 4 ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு உயிர் துறந்தார். 1947 இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் பெயரால் 1970 ஆம் ஆண்டில் கருமாத்தூரில் எழுந்த கல்லூரி, சுற்றுப்புறச் சிற்றூர் இளைஞர் பலரைப் பட்டதாரிகளாக்கியுள்ளது.

உயிரையே காணிக்கையாக்கிய இத்தகையோர் வாழ்ந்த காலத்திலும், கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர்க்கு இடம் வேறாகவே இருந்தது. குருமார் அர்ப்பணம் வேறு, சபையின் அமைப்பு வேறு என இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சென்றன.

வாசற்படியில் நின்ற அருட்சாதனம்

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டி டூர்னோன் என்பவர் 1704 ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் விதிகளுள் ஒன்று, நோயுற்றுக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருமார் நுழைந்து இறுதி அருட்சாதனங்களை வழங்க மறுக்கலாகாது என்பதாகும். விதி ஒன்று எழுதப்படுகிறதென்றால், அதற்கு மாறான வழக்கம் இருந்தது என்றே பொருள். சாகும் தறுவாயிலிருந்த நோயாளியையே குடிசையிலிருந்து வெளியே தூக்கி வரச் செய்யும் வழக்கம் அன்று இருந்தது. குரு உள்ளே சென்றால் மேற்குலத்தார் அவரைத் தீட்டுப்பட்டவர் என விலக்கிவிடுவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

இவ்வாணை பற்றிய வழக்கு நாற்பதாண்டுகள் நீண்டது. 1744 ஆம் ஆண்டில் திருத்தந்தை 14 ஆம் பெனடிக்ட் அதனை உறுதி செய்தார். அப்போது காணப்பட்ட தீர்வு யாது தெரியுமா? ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிக் குருமாரை அமர்த்துவது என்பதே. குடிசைக்குள் குரு வந்தார். ஆனால் அவர் நமக்கென ஒதுக்கப்பட்ட குரு. ஆணை நிறைவேறியது, பிரிவினை நீங்கவில்லை. சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொல்லும் கலையில் நம் நாடு என்றுமே தேர்ந்ததன்றோ!

ஏற்கப்படாத கைகள்

சீர்திருத்தச் சபைகளின் நிலை என்ன எனக் காண, மதுரையிலிருந்து சற்றுக் கிழக்கே தஞ்சைக்குச் செல்வோம். அங்கே அரசர் படையில் சேர்வைக்காரனாக இருந்தவர் இராசநாயக்கன். நம் குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து மனம் மாறி, படைப் பணியை விட்டு உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்டவர் இவரே. முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் என்பவர் 1733 ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது இராசநாயக்கன் பெயர் எழுந்தது. அவர்தம் பக்தியையும் ஒழுக்கத்தையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற மேற்குலத்துக் கிறித்தவர் உடன்படார் என்னும் காரணத்தால் அவர்க்குப் பட்டம் வழங்கப்படவில்லை. 1741 இல் தியோகு என்பவர் அப்பட்டம் பெற்றார். இராசநாயக்கன் 1771 ஆம் ஆண்டில் மறையும்வரை உபதேசியாராகவே பணிபுரிந்தார்.

எண்ணிப் பாருங்கள். அவர் தம்மை இறைவனுக்குக் கொடுத்தார். இறைவன் ஏற்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் உள்ளம் தூயது, கைகள் மட்டும் தூயன அல்ல என்றனர். பட்டமில்லாமலே தம் கடமையை ஆற்றிய அம்மகனாரைப் புனிதரென நான் மதிக்கிறேன்.

1847: மதுரையின் தீர்மானம்

1834 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கர்கள் மதுரை மிஷனைத் தொடங்கினர். பள்ளிகள் பெருகின. 1845 முதல் பசுமலையில் செமினரி நடைபெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1833 இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்பட வேண்டும் என மடல் விடுத்திருந்தார். அதனால் தஞ்சை, சென்னைச் சபைகளில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அங்கெல்லாம் மேற்குலத்தார்க்கு இருக்கையும் வேறு, திருவிருந்தில் முறையும் வேறு.

மதுரை மிஷன் 1847 ஆம் ஆண்டில் தன் முடிவைத் தீர்மானமாக எழுதியது. சாதி என்பது நாட்டு வழக்கம் அன்று. அதனை நடைமுறையில் கைவிடுவதே ஒருவன் பக்திக்குச் சான்று. தக்க வேளையில் எச்சாதிக் கிறித்தவரோடும் ஒன்றாக அமர்ந்து உண்ண அணியமாயிருப்பதே கைவிட்டமைக்கு அடையாளம் என்பது அதன் சாரம். தத்துவ போதகர் காலம் முதல் இருநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்த வாதத்திற்கு இஃது ஒரு நேர்விடை. செமினரி மாணவர் பலர் வெளியேறினர், உபதேசியார் சிலர் பணியிழந்தனர், சபை மெலிந்தது. எண்ணிக்கை குறையினும் கொள்கை குறையலாகாது என அவர்கள் துணிந்தனர்.

இத்தீர்மானம் சாதியை ஒழித்துவிட்டதா என்றால், இல்லை. திருமணத்திலும் சபைத் தேர்தலிலும் அது வேறு வாயிலாகப் புகுந்தது. எனினும் தூய்மையின் அளவுகோலை அது மாற்றியது. யாரோடு உண்ணாமல் விலகுகிறாய் என்னும் கேள்வி போய், யாரோடு உண்கிறாய் என்னும் கேள்வி வந்தது. ஒப்புநோக்க வேண்டுமாயின், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தும்பைப்பட்டி கக்கன் முதலானோர் நுழைந்தது 1939 ஜூலை 8 ஆம் நாள். அங்கே வாயில் அடைபட்டிருந்தது, திறந்தனர். இங்கே வாயில் திறந்திருந்தது, உள்ளே கோடு கிழித்திருந்தனர். இரண்டையும் அழிக்கத் துணிவு வேண்டியதாயிற்று.

அர்ப்பணத்தின் இன்னொரு முகத்தையும் இங்குக் குறிக்க வேண்டும். 1892 ஆம் ஆண்டில் ஈவா சுவிப்ட் அம்மையார் மதுரையில் வேதாகமப் பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவ்வூழியம் புரிந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தறிவித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எழுத்தறிந்த முதல் தலைமுறைத் தாய்மார் அவர்களால் உருவாயினர்.

நம் காலத்துக் குரல்கள்

விடுதலைக்குப்பின் பிறிதொரு கோடு சட்டத்தால் கிழிக்கப்பட்டது. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956 இல் சீக்கியரும், 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் தலைமையாசிரியர் எவரும் இதனை அறிவர். ஒரே தெருவில், ஒரே குலத்தில் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் ஆதிதிராவிடர், மற்றவன் பிற்படுத்தப்பட்டோன் எனப் பதியப்படுகிறான். மதம் மாறினால் தீட்டு நீங்கிவிடும் என்பது சட்டத்தின் கருத்துப்போலும்! ஊர்த் தெருவோ அவ்வாறு கருதவில்லை.

கோயிலுக்குள்ளும் தீட்டு நீங்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னவர் நம் மண்ணின் மகளிருள் ஒருவர். வத்திராயிருப்பையடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமா, ஏழை எளியவர்க்குத் தொண்டு செய்யும் ஆவலால் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழாண்டுகளுக்குப்பின் 1992 இல் வெளியேறினார். மடத்தின் வசதியான வாழ்வுக்கும் அவர் தேடிய ஏழைகளுக்கும் இடையே இருந்த தொலைவையும், மடத்துக்குள்ளேயும் நிலவிய சாதிப் பார்வையையும் 'கருக்கு' என்னும் நூலில் எழுதினார். தம்மைக் கடவுளுக்குக் கொடுக்கச் சென்ற பெண் ஏன் திரும்பி வந்தாள் என்னும் வினாவை அந்நூல் திருச்சபையின் முன் வைத்தது.

மதுரை அரசரடியில் 1969 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சோறாக்கி எல்லோரும் உண்பதே இறைவன் குடும்பம் என்பது அவர்தம் போதனையின் மையம். 2005 ஆம் ஆண்டில் மறைந்தார். சாவுப்பறை எனத் தீட்டோடு சேர்த்து எண்ணப்பட்ட கருவி, திருப்பலி மேடையருகே முழங்கியது சிறு மாற்றம் அன்று.

தலைமைகளும் பேசலாயின. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமை சென்றபோது, திருத்தந்தை 2 ஆம் ஜான் பால், சாதி அடிப்படையிலான பாகுபாடு உண்மையான மானுட ஒருமைக்கு முரணானது என அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். 2016 இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2022 மே 15 ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்ற நட்டாலம் தேவசகாயம், 1745 இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று 1752 இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். எல்லாக் குலத்தாரோடும் சமமாகப் பழகியதை அவர்தம் பகைவரும் குற்றமாகக் கொண்டனர். அவர்தம் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை உரோமை நீக்கிவிட்டே புனிதர் வரிசையில் சேர்த்தது.

நாம் கொள்ள வேண்டியது

இந்நானூறு ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தூய வாழ்வு வாழ்ந்தோர் பலர் இம்மண்ணில் இருந்தனர். உண்ணாமலும் உறங்காமலும் உழைத்தனர், குருதியும் சிந்தினர். ஆயினும் தாம் மட்டும் தூயராதல் போதும் என்று நின்றவிடத்தில் தீட்டு அப்படியே பிழைத்துக்கொண்டது. குடிசையின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தபோதும், ஒரே பந்தியில் அமர்ந்தபோதும், எழுதப் படிக்கக் கற்பித்தபோதும் மட்டுமே அது பின்வாங்கியது. அவ்வாறு பின்வாங்கச் செய்தோருள் அயல்நாட்டார் இருந்தனர். பட்டம் மறுக்கப்பட்ட இராசநாயக்கன் போன்ற நம்மவரும் இருந்தனர்.

நம்முள்ளும் ஒரு கேள்வி உண்டு. ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே பறையர், பள்ளர், அருந்ததியர் எனப் பந்தி பிரிப்போமாயின், துப்புரவுப் பணி செய்வோர் வீட்டில் தண்ணீர் அருந்தத் தயங்குவோமாயின், நம்மை விலக்கியவரின் தூய்மையையே நாமும் உடுத்திக்கொண்டோம் என்பதே பொருள். படித்து உத்தியோகம் பெற்றதும் பிறந்த தெருவைப் பார்க்க நாணுவோமாயின், அதுவும் அத்தீட்டின் மறுவடிவமே.

எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், எச்சமயமும் சாராதவராயினும், நம் இளைஞர் செய்யக்கூடிய அர்ப்பணம் ஒன்றுண்டு. மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம், தெருவிலுள்ள பத்துப் பிள்ளைகளை ஒரு விளக்கடியில் அமர்த்திக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுங்கள். அப்பிள்ளைகளுள் எக்குலத்தாரும் இருக்கட்டும். ஒரே குடத்துத் தண்ணீரை எல்லோரும் பருகட்டும். இருபத்தைந்து ஆண்டுகளைக் கண்ட நம் கழகம் அத்தகைய விளக்குகளால் பொன்விழாவும் காண்பதாக!